சீஸ் பலகை கடைய எந்த வழி?

கடைசல், அதாவது மரத்தை இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் உருக்கொடுப்பது, பழகுகிறவர்கள் கிண்ணம் ஒன்றிரண்டு முடித்ததும் அடுத்துக் கைவைப்பது பெரும்பாலும் சீஸ் பலகையில்தான். பார்வைக்கு எளிய வேலை. 25 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டப் பலகை, இரண்டு அல்லது இரண்டரை செ.மீ. கனம், ஓரத்தில் ஒரு வளைவு, அவ்வளவுதான். உள்ளே குடைய வேண்டாம். சுவர் மெலிந்து உடையுமோ என்ற பயமும் இல்லை.

ஆனால் கிண்ணத்தில் யாரும் கவனிக்காத குறை பலகையில் ஊருக்கே தெரியும். கிண்ணத்தின் வாய் ஒரு மில்லிமீட்டர் கோணினால் அதற்கும் ஓர் அழகு உண்டு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பலகை ஒரு மில்லிமீட்டர் நெளிந்தால் மேசையில் வைத்த உடனே லொடலொடவென்று ஆடும். மேல்முகம் நடுவில் குழிந்திருந்தால் கத்தி சீஸின் அடித்தோலை அறுக்காமல் நின்றுவிடும். மேடாக இருந்தால் சீஸ் துண்டு வழுக்கிக்கொண்டு ஓடும். கடைசல் இயந்திரம் வளைவைத்தான் தானாகத் தரும், தட்டையை நாம் அதனிடம் வம்பாகப் பிடுங்க வேண்டும். அதனால் மரம், அதை இயந்திரத்தில் பிடிக்கும் விதம், பூச்சு எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: இது பலகையைத் தட்டையாக விடுமா, அடுத்த கோடையிலும் தட்டையாக இருக்குமா?

வெறும் மரமா, ஓடு பதித்ததா?

பிரிட்டனில் கடைசல் கற்கிறவர்களின் வழக்கமான ஆரம்ப வேலை, நடுவில் வட்டமான பீங்கான் ஓடு பதித்த பலகை. 15 செ.மீ. ஓடு, அதைச் சுற்றி அகலமான மர விளிம்பு. புதியவர்களுக்கு அது ஏன் தோது என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. மரத்தை இயந்திரத்தில் முதலில் பிடிப்பதற்காகப் போட்ட திருகாணித் துளை பிற்பாடு ஓட்டுக்கு அடியில் மறைந்துபோகும். மேல்முகத்தைக் கண்ணாடிபோல் தட்டையாக்க வேண்டிய பொறுப்பையும் ஓடு ஏற்றுக்கொள்கிறது. நீலப்பூஞ்சைச் சீஸ் வைத்தால் மரத்தில் வாடை ஏறுவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பீங்கானில் வெட்டினால் கத்தியின் முனை சீக்கிரம் மழுங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ஓடு சுருங்காது, மரம் சுருங்கும் என்பது. ஓட்டை இறுக்கமான பள்ளத்தில் அழுத்திக் கெட்டிப் பசையால் ஒட்டிவிட்டால், வறண்ட மாதங்களில் சுருங்க வழியில்லாத மரம் விளிம்பில் விரிசல் விட்டுத் தன் வழியைத் தேடிக்கொள்ளும். பள்ளத்தை ஓட்டைவிடச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது பெரிதாகக் கடைந்து, ரப்பர்போல் நெகிழும் சிலிக்கான் பசையை நாலைந்து பொட்டுகளாக வைத்து ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை. இடைவெளி தெரிகிறதே என்று மனசு கேட்காது. கேட்காவிட்டாலும் விட்டுத்தான் ஆக வேண்டும்.

வெறும் மரப் பலகை சுத்தமாக இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் உடன் ஆய்வாளர்களும் மரப் பலகை, பிளாஸ்டிக் பலகை இரண்டிலும் நோய்க்கிருமிகளைத் தடவிப் பார்த்து 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரத்துக்குள் இழுக்கப்பட்ட பாக்டீரியா அங்கே பெருகவில்லை. கத்தி கீறிய பிளாஸ்டிக்கைத்தான் கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினமாக இருந்தது. சீஸ் உலகத்துக்கு இது பழைய சங்கதி. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் செய்யும் கோம்தே சீஸ் குறைந்தது 120 நாள் ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளின் மேல் கிடந்துதான் முதிர்கிறது. 2014 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதிர்விக்கும் மர அடுக்குகளுக்கு எதிராக ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, சீஸ் செய்கிறவர்கள் கொதித்தெழுந்ததும், தடை எதுவும் இல்லை என்று சில நாட்களிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகவே சுகாதாரத்தைக் காரணம் காட்டி ஓட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முதல் பலகை என்றாலோ நீலச்சீஸ் விரும்பிகளுக்குப் பரிசு என்றாலோ ஓடு பதியுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வெறும் மரம்தான் என் கட்சி.

மேலே கண்ணாடி மூடி கவிழ்க்கும், கால் வைத்த உயரமான தட்டு என்று மூன்றாவது வகையும் இருக்கிறது. கடை ஜன்னலில் அழகு. வீட்டில் அலமாரியில் இடம் அடைக்கும். அதை விட்டுவிடலாம்.

மரம்

இங்கிலாந்தில் இதற்கென்றே பேர்போன மரம் சைகமோர். வெளுப்பாக, நெருக்கமான இழையோடு, வாடையே இல்லாமல் இருக்கும். அங்கே பால் பண்ணைச் சாமான்களையும் ரொட்டிப் பலகைகளையும் நெடுங்காலம் அதில்தான் செய்தார்கள். அமெரிக்கர்களுக்கு அந்த இடத்தில் மேப்பிள். பீச் மரமும் நல்லதுதான், ஆனால் ஈரத்துக்கு அதிகமாக அசைந்துகொடுக்கும். இவற்றின் பொதுக்குணம் நுண்துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருப்பது. துளை சிறிதானால் சீஸ் துணுக்கு உள்ளே அடையாது.

நம் ஊர் மரக்கடைக்கு வருவோம். சைகமோர் கிடைக்காது, தேடவும் வேண்டாம்.

தேக்கு நிலைத்து நிற்பதில் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். 25 செ.மீ. அகலத் தேக்குப் பலகையின் உள்ஈரம் 4 சதவீதம் மாறினால், அறுத்த விதத்தைப் பொறுத்துக் குறுக்குவாட்டில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை அசையும். அதே அளவு மேப்பிள் மூன்றரை மில்லிமீட்டர் வரை அசையக்கூடும். இந்த 4 சதவீதம் வெறும் கணக்கு அல்ல. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம் ஏறக்குறைய 14 சதவீத ஈரத்தில் நிற்கும். 50 சதவீதக் காற்றுள்ள குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோனால் 9 சதவீதம்வரை இறங்கிவிடும். கடலோர ஊரில் கடைந்து, ஏசி ஓடும் வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்கும் பலகைக்கு இதுதான் நேர்கிறது. தேக்கின் குறைகள் வேறு. அதற்குள் மணல்போல் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டும் முன் ஒட்டுமுகத்தைப் புதிதாக இழைத்து உடனே ஒட்ட வேண்டும். துளைகளும் சற்றுப் பெரியவை. இருந்தும் உலகச் சந்தையில் வெட்டுப்பலகை மரங்களில் தேக்குக்கு நல்ல இடம் இருக்கிறது. பழைய கதவு, நிலை இவற்றிலிருந்து எடுத்த தேக்கு கிடைத்தால் விடாதீர்கள்: பல வருடம் காய்ந்து, அசைவது எல்லாம் அசைந்து முடித்த மரம் அது. ஆணி மட்டும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

மாமரம் மலிவு, அகலமான பலகையாகக் கிடைக்கும், வண்ண ஓட்டமும் சில துண்டுகளில் கண்ணைப் பறிக்கும். ஆனால் இழை முன்னும் பின்னுமாகப் பின்னியிருக்கும். இழைப்புளி ஒரு பக்கம் வழுவழுவென்று போய், அடுத்த விரற்கடையில் பிய்த்துக்கொண்டு வரும். வண்டு துளைக்கும் மரம் என்பதால் நன்றாகக் காய்ந்து பதப்பட்டதாக இருக்க வேண்டும். ரப்பர் மரம் பால் வற்றிய பிறகு வெட்டப்படுவது. வெளுப்பு நிறம், அளவான கடினம். கடைகளில் விற்கும் வெட்டுப்பலகைகளில் கணிசமானவை இதன் கீற்றுகளை ஒட்டிச் செய்தவைதாம். வெட்டிய சூட்டோடு பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்கும் என்பதால் இதற்குப் போரான் மருந்து ஏற்றுவது வழக்கம். எந்த மருந்து ஏற்றியது என்று கடைக்காரரால் சொல்ல முடியாத ரப்பர் மரத்தை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

புளியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கறிக்கடைக் கட்டைக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை, 2 செ.மீ. பலகைக்கு அந்த முரட்டுத்தனம் வீண், உளிக்கும் கேடு. பலாவின் மஞ்சளிலிருந்து துணிக்கே சாயம் எடுத்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் வெள்ளைச் சீஸுக்கு அடியில் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறேன். வேம்பின் வாடை எனக்கு உகந்ததில்லை. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் அன்றைய வேலை தும்மலோடு முடியும். ஈட்டி அழகுதான். ஆனால் அதன் இனமான டால்பெர்ஜியா முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தூளும் பலருக்கு ஒவ்வாது. ஒரு சீஸ் பலகைக்காக அந்த வம்பு எதற்கு?

என்னைக் கேட்டால், யாரும் எண்ணிப்பார்க்காத நல்ல மரம் பூவரசு. வேலியோரத்தில் நிற்கிறது என்பதால் நமக்கு இளக்காரம். ஹவாய்த் தீவுகளில் அதே மரத்துக்கு மிலோ என்று பெயர். உணவில் வாடை ஏற்றாது என்பதால் அங்கே உண்கலங்கள் குடைவதற்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வைரப்பகுதி சாக்லேட் நிறம், இழை நெருக்கமானது, உளிக்கு வெண்ணெயாக இடங்கொடுக்கும். குறை ஒன்றுதான். மரம் கோணலும் மாணலுமாக வளரும், 25 செ.மீ. அகலத்துக்கு ஒரே பலகை கிடைப்பது அரிது. கீற்றுகளாக அறுத்து ஒட்ட வேண்டியிருக்கும். பலகையின் தட்டைக்கு அதுவே நல்லது.

ஒரே பலகையா, ஒட்டுப்பலகையா?

ஒரே பலகையில் செய்ததுதான் உசத்தி என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. கண்ணுக்கு அது உண்மை. ரேகை தடையில்லாமல் ஓடும். ஆனால் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாதாரணமாக அறுத்த பலகையின் வெட்டுமுனையைப் பார்த்தால் வளையங்கள் புன்னகைபோல் வளைந்திருக்கும். காயும்போது அந்த வளைவு நிமிரப் பார்க்கும். பலகை கிண்ணமாக வளையும். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை இப்படி வளையாது. ஆனால் அப்படி 25 செ.மீ. அகலம் வேண்டுமென்றால் அரை மீட்டருக்கு மேல் பருத்த அடிமரம் தேவை. அந்த விலைக்கு வீட்டுக்கு நிலையே வைத்துவிடலாம்.

ஐந்து செ.மீ. கீற்றுகள் ஐந்தை, ஒவ்வொன்றிலும் வளையங்கள் நிமிர்ந்து நிற்கும்படி திருப்பி ஒட்டினால் குறைந்த செலவில் அதே உறுதி கிடைக்கும். பூவரசின் கருமைக்கு நடுவே ரப்பர் மரத்தின் வெளுப்பில் ஒரு கீற்று வைத்தால் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. கீற்றுக்குக் கீற்று வேறு மரம் வைத்து வரிக்குதிரை ஆக்குவதை மட்டும் நான் ஆதரிப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் அசையும். பசை நீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை கழுவக் கழுவ விட்டுக்கொடுக்கும்.

மரத்தின் மையக்குருத்து எந்தத் துண்டிலும் வரக்கூடாது. அது இருந்தால் விரிசல் நிச்சயம்.

எப்படிப் பிடிப்பது?

மற்றத் தேர்வுகளைவிட இதற்கே அதிக யோசனை வேண்டும். பலகையின் அடிப்பக்கம் எப்படி முடியும், இரு முகத்தையும் பயன்படுத்த முடியுமா, மேல்முகத்தை எங்கே தட்டையாக்குவது என்பதெல்லாம் பிடியைப் பொறுத்தது.

இயந்திரத்தின் சுழல்முனையில் மாட்டும் உலோகத் தட்டான முகத்தட்டில் வைத்து நாலு திருகாணி முறுக்குவது பழைய வழி. பாறைபோல் நிற்கும். அடியில் நாலு துளை மிச்சமாகும். அதை மறைக்கப் பச்சைத் துணி ஒட்டுவது ஒரு காலத்து வழக்கம். அந்தத் துணி சமையலறை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கிடப்பதை நினைத்தாலே எனக்கு ஒவ்வாது. அதே முனையில் மாட்டும் பிடிப்பானுக்குச் சக் என்று பெயர்; ஒற்றைத் திருகு கொண்ட சக் இன்னும் வேகமானது. நாலு தாடைச் சக் வாங்கும்போது பெரும்பாலும் கூடவே வரும். மரத்தின் அகன்ற முகத்தில் திருகு நன்றாகவே கடிக்கும். ஆனால் திருகு நீளமானது, பலகை மெல்லியது. நடுவில் துளையிட்ட பிளைவுட் வில்லையை இடையில் கொடுத்து, திருகு உள்ளே போகும் ஆழத்தை 10 மி.மீட்டருக்குள் அடக்க வேண்டும். ஓடு பதிக்கும் பலகைக்கு இதைவிடச் சிறந்த ஆரம்பம் இல்லை.

இதை அடுத்து வருவது அடியில் வட்டப் பள்ளம் கடைந்து, அதற்குள் சக்கின் தாடைகளை விரியவிட்டுப் பிடிப்பது. 50 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம் போதும். தாடையின் சாய்வுக்கு ஏற்பப் பள்ளத்தின் சுவரையும் உட்புறம் சாய்த்துக் கடைய வேண்டும், இல்லையென்றால் பிடி நழுவும். இறுக்கத்தில் நிதானம் தேவை. விரியும் தாடை, மரத்தை இழையோட்டத்தில் பிளக்கப் பார்க்கும் ஆப்புதான். மெல்லிய பலகையில் சக்கை இறுக்கும் சாவியை வீரத்தோடு முறுக்கினால் பட்டென்று கேட்கும் சத்தத்தோடு வேலை முடிந்துபோகும். பள்ளம் அடியில் தங்கிவிடும் என்பது இன்னொரு கணக்கு. அதன் ஓரத்தில் ஒரு மணிவரி கடைந்து அலங்காரம்போல் காட்டிவிடலாம். ஆனால் பலகையைத் திருப்பிப்போட்டு இரு பக்கமும் பயன்படுத்தும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

தடமே தெரியாமல் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருபுறப் பசை நாடா. நம் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பது பஞ்சுபோன்ற, கனமான நாடா. அது வேண்டாம். உளி தொடும்போது பஞ்சு நசுங்கி எழும், பலகை துள்ளும், கடைசியில் நாடா விட்டுவிடும். கம்பளம் ஒட்டுவதற்கான, துணி இழை கலந்த மெல்லிய நாடாதான் வேண்டும். முகத்தட்டில் ஒரு பிளைவுட் வில்லையை முறுக்கி, அதைக் கடைந்து சமமாக்கி, அதன்மேல் நாடாவை வரிசையாக ஒட்டிப் பலகையை வைத்து, இயந்திரத்தின் மறுபுறத்திலிருந்து அழுத்தும் எதிர்முனையால் சில நிமிடம் அழுத்தி வைத்தால் பிடி பலமாகும். கடையும்போதும் முடிந்தவரை எதிர்முனை ஒரு மரத்துண்டை இடையில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கட்டும். உப்புத்தாள் போடும்போது வரும் சூடு பசையை இளக்கும், மெதுவாகப் போடுங்கள். கழற்றும்போது நெம்பக்கூடாது. ஒரே பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தால் தானாகக் கழன்று வரும்.

மற்றொன்று காகித ஒட்டு. பிளைவுட் வில்லைக்கும் பலகைக்கும் நடுவே பழுப்புக் காகிதம் வைத்து இருபக்கமும் ஃபெவிகால் தடவி, இரவு முழுவதும் கவ்வியில் இறுக்கி வைப்பது. நாடாவைவிடப் பன்மடங்கு நம்பலாம். வேலை முடிந்ததும் அந்த மூட்டில் அகன்ற உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் காகிதம் தன் கனத்துக்குள்ளேயே இரண்டாகப் பிரியும். மிச்சத்தைச் சுரண்டி எடுக்கலாம். பசையின் ஈரம் பலகையின் ஒரு முகத்தில் மட்டும் ஏறுவதால் அது சற்றே வளையும். ஒட்டிய மறுநாளே கடையத் தொடங்காமல் இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் ஈரம் சமமாகிவிடும்.

காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் சக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அந்தச் செலவுக்கு ஒரு பலகை காரணமாகாது.

ஓடு பதிப்பதானால் திருகு. வெறும் மரமானால் என் தேர்வு காகித ஒட்டு. அவசரக்காரர்களுக்கு நாடா.

தட்டையை எங்கே வாங்குவது?

கடைசல் இயந்திரத்திலேயே முகத்தைச் சமன்செய்ய முடியாதா? முடியும். ஆனால் சுழலும் வில்லையில் ஓரம் பறந்துகொண்டிருக்கும்போது நடுப்புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓரத்தில் உளி சீவுகிறது, நடுவில் தேய்க்கிறது. கை அறியாமல் நடுவில் மேடோ அதைச் சுற்றிப் பள்ளமோ விழும். போதாததற்கு, ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு இடத்தில் இழைமுனையைச் சந்திக்கிறது. பிய்ந்துபோவது அந்த இரண்டு இடத்தில்தான். அதைச் சரிசெய்ய உப்புத்தாளை அழுத்தினால் மென்மையான இழை அதிகம் தேயும், முகம் அலையலையாகும். வட்ட வட்டமான கீறல்கள் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று வெளியே வரும்.

மூலமட்டத்தின் இரும்பு அலகை முகத்தில் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். கையால் தடவினால் தெரியாத பள்ளம் வெளிச்சக் கீற்றாகத் தெரியும்.

ஆகவே நான் சொல்வது, வட்டமாக அறுப்பதற்கு முன்பே இரண்டு முகத்தையும் இழைத்து முடித்துவிட வேண்டும். கையில் இழைப்புளி ஓடுமானால் அதுவே போதும்: முதலில் ரேகைக்குக் குறுக்காக, பிறகு ரேகையோடு. இரண்டு நேர்ச்சட்டங்களை எதிரெதிர் ஓரத்தில் வைத்து, ஒன்றின் தலைக்கு மேல் மற்றதைப் பார்த்தால் முறுக்கு இருப்பது தெரிந்துவிடும். இழைப்புளி கைவராதவர்கள் இழைப்பு இயந்திரம் உள்ள தச்சுப்பட்டறையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இயந்திரத்துக்கு மிச்சம் விளிம்பு மட்டும்தான். இதில் கடைசல் எங்கே இருக்கிறது என்று வைதீகர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். விளிம்பில்தான் கடைசல்காரனின் கைத்திறம் முழுவதும் தெரியும்.

அந்த விளிம்பில் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடிப்பக்கத்தை உள்நோக்கிச் சரித்துவிட வேண்டும், ஒரு விரல் நுழையும் அளவுக்கு. செங்குத்தான விளிம்புள்ள பலகையை ஈரக்கையோடு மேசையிலிருந்து தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேல்முகத்தைச் சுற்றிச் சாறு தேங்க வரிப்பள்ளம் போடுவது இறைச்சிப் பலகையின் வேலை. சீஸ் பலகையில் அது துணுக்கு சேரும் சாக்கடை.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையே வர வேண்டும். 10 அங்குலப் பலகைக்கு 600 முதல் 900 சுற்று. 800 சுற்றில் அதன் ஓரம் மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் போகிறது. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் போடுங்கள், தோளில் துண்டு இருந்தால் எடுத்து வைத்துவிட்டு இயந்திரத்துக்கு அருகில் வாருங்கள். முகத்துக்கு உப்புத்தாள் போடுவது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு சதுரக் கட்டையில் தாளைச் சுற்றி, ரேகையின் போக்கில்.

அடிப்பக்கம் மேசையில் எப்படி நிற்க வேண்டும்? காகித ஒட்டிலோ நாடாவிலோ பிடித்த பலகைக்கு இரண்டு முகமும் ஒன்றுதான். ஒரு பக்கம் சீஸுக்கு, மறுபக்கம் ரொட்டிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம்தான் போதும் என்றால் அடியை நடுவில் ஒரு மில்லிமீட்டர் குழித்துவிடுங்கள். பலகை விளிம்பு வளையத்தில் உட்காரும், பின்னால் சற்று வளைந்தாலும் ஆட்டம் குறைவு. நம் சப்பாத்திப் பலகை இதற்கு இன்னும் கெட்டிக்கார விடை வைத்திருக்கிறது: மூன்று கால். மூன்று புள்ளியில் நிற்கும் எதுவும், மேசையே கோணலாக இருந்தாலும், ஆடாது. பலகை வளைந்தாலும் கவலையில்லை. சீஸ் பலகைக்கு மூன்று குட்டிக் குமிழ்களைத் தனியே கடைந்து பொருத்தினால் தூக்குவதற்கு விரல் நுழைய இடமும் தானாகக் கிடைத்துவிடும்.

பூச்சு

இங்கே விவாதத்துக்கு அதிகம் இல்லை. கத்தி படும் முகத்தில் வார்னிஷும் பாலியூரித்தேனும் வேண்டாம். வெட்டுப்பட்ட இடத்தில் செதிலாக உரியும், அந்தக் கீறல் வழியாக நீர் உள்ளே போய்க் கறுக்கும். கடையில் ‘கொதித்த’ ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்க்கிறார்கள், அதுவும் வேண்டாம். வால்நட் எண்ணெய் தானாக உலர்ந்து கெட்டிப்படும், நல்ல பூச்சு; ஆனால் கொட்டை ஒவ்வாமை உள்ள விருந்தாளி யார் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் ஆகாதா என்பது தவறாமல் வரும் கேள்வி. அது உலரும் எண்ணெய் இல்லை. மரத்துக்குள் எண்ணெயாகவே கிடந்து நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெயும் முழுதாக உலராது.

மருந்துக் கடையில் மலமிளக்கியாக விற்கும் லிக்விட் பாரஃபின் போதும். கெடாது, வாடையில்லை, விழுங்கினாலும் பாதகமில்லை. நாலு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகைச் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினால் களிம்பாகும். நேரடி நெருப்பில் வைக்காதீர்கள். பூசுவதற்கு முன் பலகையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு, எழுந்து நிற்கும் இழையை 320 எண் உப்புத்தாளால் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் முதல் முறை கழுவும்போதே சொரசொரப்பாகிவிடும். இரண்டு முகத்துக்கும் விளிம்புக்கும் ஒரே அளவு பூச வேண்டும். அடிப்பக்கம்தானே என்று விட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பலகை வளையும். இந்தப் பூச்சு கழுவக் கழுவப் போகும். மரம் வெளிறிப்போனதாகத் தெரிந்தால் மறுபடி தடவ வேண்டியதுதான்.

பரிசாகக் கொடுத்தால் கூடவே ஒரு சின்ன டப்பாவில் அந்தக் களிம்பையும் கொடுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம், தண்ணீரில் ஊறவிட வேண்டாம், கழுவியதும் மேடையில் படுக்கவைக்காமல் இரு முகத்திலும் காற்றுப் படும்படி விளிம்பில் நிறுத்திவையுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.